மட்கார்டு இல்லாத சைக்கிள்

காலேஜ் திறந்த புதிதில் சென்னையில் ஏதாவது ஒரு கல்லூரியின் சைக்கிள் ஸ்டாண்டுக்குள் எட்டிப் பாருங்கள். பளபளவென்று புது சைக்கிள்கள் நிற்கும். தடித்த டயர், முன்னாடி ஒரு ஷாக், நடுவில் ஒரு ஷாக், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், முன்னாடி மூன்று பல்சக்கரம், பின்னாடி ஏழு, ஆக மொத்தம் 21 கியர். பார்க்க மோட்டார் பைக்கின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியே இருக்கும்.

அதே ஸ்டாண்டை நவம்பர் கடைசியில் போய்ப் பாருங்கள். பாதி சைக்கிள்களைக் காணோம். மீதியில் பாதி காற்று இறங்கி, செயின் துருவேறி, மூலையில் சாய்ந்து கிடக்கும். அதை ஓட்டியவர்கள் இப்போது பஸ்ஸிலோ, ஷேர் ஆட்டோவிலோ, அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய தவணை பைக்கிலோ வந்துகொண்டிருப்பார்கள்.

நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். மழை!

"சைக்கிளெல்லாம் மழைக்கு ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் பால்காரரும் போஸ்ட்மேனும் எத்தனையோ ஐப்பசி கார்த்திகைகளை சைக்கிளில்தான் கடந்தார்கள். சைக்கிள் மழைக்கு ஆகாது என்பது பொய். மழைக்கு ஆகாத சைக்கிளைத் தேடிப் பிடித்து, கூடக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதுதான் நிஜம். பத்தாயிரம் ரூபாய்க்குள் சைக்கிள் தேடும் ஒவ்வொரு மாணவரும் கடைக்குப் போகும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

எல்லாக் காலமும் என்றால் எந்தக் காலம்?

சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் கொட்டிவிடும். அதாவது செமஸ்டர் பரீட்சை நெருங்கும் சமயம் பார்த்துக் கொட்டும். இதைத் தவிர கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும், கேட்டில் இருக்கும் தாழ்ப்பாள் கூட ரெண்டு வருஷத்தில் துரு பிடித்துவிடும். பிறகு மே மாத வெயில். வெயிலில் நிற்க வைத்தே ஓட்டினால் டயர் ரப்பர் வெடிப்பு விடும், டியூபில் ஒட்டிய பஞ்சர் பிளந்துகொள்ளும்.

ஆக, சென்னையில் எல்லாக் காலத்துக்குமான சைக்கிள் என்றால் மழை, உப்பு, வெயில் மூன்றையும் தாங்க வேண்டும். அதே சமயம் ஒரு வசதியும் உண்டு. ஊர் தட்டை. மேம்பாலங்களை விட்டால் ஏறுவதற்கு மேடே கிடையாது. 21 கியர் உள்ளவர் கூட தினமும் ரெண்டு மூன்று கியரில்தான் ஓட்டுகிறார். மீதி கியர்கள் எல்லாம் துரு பிடிக்கும் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கின்றன :-)

கடையில் நடக்கும் கதை

பெரும்பாலான கடைகளில் பேச்சு இப்படித்தான் போகும்.

"தம்பி, இது 21 கியர், டபுள் டிஸ்க், டபுள் ஷாக். இப்போ எல்லாரும் இதான் எடுக்கறாங்க."

"அண்ணே, மட்கார்டு?"

"அது இந்த மாடலுக்கு வராது தம்பி. வேணும்னா கிளிப் போட்டு மாட்டிக்கலாம்."

"கேரியர்?"

"அதுக்கு ஓட்டை கிடையாது."

"ஸ்டாண்டு?"

"அது தனி."

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் காலக் கறுப்பு சைக்கிளில் ரெண்டு மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் சேர்ந்தே வந்தன. இன்றைக்கு அவை எல்லாம் "தனி". அதற்குப் பதில் கொடுக்கப்படுபவை ஷாக்கும் கியரும்.

விலை குறைந்த ஷாக் என்ன செய்யும் என்று பாருங்கள். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அதுவே அமுங்கி அமுங்கித் தின்றுவிடும். வண்டியின் எடை கூடும். மழைத் தண்ணீர் உள்ளே போய் ஒரு வருஷத்தில் இறுகிவிடும். அதைப் பிரித்துச் சரி செய்யத் தெருமுனைக் கடையில் ஆள் கிடையாது. மலைப்பாதையில் ஓட்டுவதற்கான நல்ல ஷாக் ஒன்றின் விலையே இந்த முழு சைக்கிளை விட அதிகம். இங்கே விற்கப்படுவது ஷாக் இல்லை, ஷாக் மாதிரி ஒன்று.

டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் நியாயமாக ஒரு பாயின்ட் கொடுக்க வேண்டும். ரிம் நனைந்தாலும் டிஸ்க் பிடிக்கும், மழையில் அது நிஜமாகவே உதவும். ஆனால் விலை குறைந்த வண்டியில் தட்டு லேசாக வளைந்தாலே உரசிக்கொண்டே ஓடும். அதற்கான பேடு எல்லாக் கடையிலும் கிடைக்காது. அலுமினிய ரிம்மும் நல்ல வி-பிரேக்கும் இருந்தால் காலேஜ் போய் வர அதுவே தாராளம்.

கொஞ்சம் அக்கவுண்டன்சி

பாடப் புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று ரெண்டு பேர் எப்போதும் கூட்டு வியாபாரம் செய்வார்களே, அவர்களையே சைக்கிள் வாங்க அனுப்புவோம். விலைகள் உதாரணத்துக்குத்தான்.

எக்ஸ் 12,000 ரூபாய் கொடுத்து ஷாக், கியர், டிஸ்க் எல்லாம் உள்ள வண்டியை எடுக்கிறார். ஜூலையில் ஆரம்பித்து மழை வரும் வரை 80 நாள் ஓட்டுகிறார். முதல் வாரமே சட்டையின் முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை சேறு கோடு போடுகிறது. செயின் கறகறக்கிறது. ஓரமாக நிறுத்துகிறார். அடுத்த வருஷம் 4,000 ரூபாய்க்குத் தள்ளிவிடுகிறார். நஷ்டம் 8,000. ஓட்டிய நாள் 80. ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஆட்டோவில் பங்கு போட்டுப் போயிருந்தால் கூட இவ்வளவு ஆகியிருக்காது.

ஒய் 7,000 ரூபாய்க்குக் கியர் இல்லாத சாதா வண்டியை எடுக்கிறார். முதல் வருஷமே 2,500 ரூபாய்க்கு பிரேக், டயர், லைட் என்று மாற்றுகிறார். அடுத்த ரெண்டு வருஷம் தலா 1,000 ரூபாய் பராமரிப்பு. மொத்தம் 11,500. வருஷத்துக்கு 180 நாள் வீதம் டிகிரி முடியும் வரை 540 நாள் ஓட்டுகிறார். கடைசியில் வண்டிக்கு விலையே கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 21 ரூபாய் சொச்சம்.

ரெண்டு பேரும் செலவழித்த தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எக்ஸ் எல்லாப் பணத்தையும் முதல் நாளே கடையில் கொடுத்துவிட்டார். ஒய் ஒரு பகுதியைக் கையில் வைத்திருந்து, வண்டி எதைக் கேட்கிறதோ அதற்குக் கொடுத்தார். சைக்கிளின் விலை சீட்டில் தொங்கும் அட்டையில் இல்லை. அது எத்தனை நாள் வீட்டை விட்டுக் கிளம்பியது என்பதில் இருக்கிறது.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

கடைக்குப் போகும் முன் இன்னொரு கேள்வி. ப்ளஸ் ஒன்னில் கொடுத்த விலையில்லா சைக்கிள் எங்கே?

தமிழ்நாட்டில் 2001-ல் ஆதி திராவிடர், பழங்குடியின மாணவியருக்கு என்று ஆரம்பித்த திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் வீட்டில் அந்த வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. மட்கார்டு உண்டு, செயின் கவர் உண்டு, கேரியர் உண்டு, ஸ்டாண்டு உண்டு. கடையில் "தனி" என்று சொல்லப்பட்ட அத்தனையும் அதில் இருக்கிறது. ஒரே குறை, அரசாங்க முத்திரையோடு இருப்பதால் காலேஜ் வாசலில் கெத்தாக இருக்காது. அந்தக் கெத்துக்காகத்தான் 12,000 ரூபாய் என்றால் அதைக் கணக்கில் விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்வதே சரி!

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை நிறையப் பேருக்குத் தெரியும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. சரியான மாடல் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிடைத்ததை வேலைக்குத் தகுந்த மாதிரி பயன்படுத்தினார்கள். சைக்கிள் தேர்வு செய்வதற்கு இதை விட நல்ல பாடம் வேறு இல்லை.

வாங்கியே ஆக வேண்டும் என்றால்

பாக்கெட்டில் ஒரு சின்ன காந்தம் எடுத்துப் போங்கள். சிரிக்க வேண்டாம், விஷயம் இருக்கிறது. ரிம்மில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம். குரோம் பூசிய இரும்பு ரிம் வெயிலில் ஒழுங்காக நிற்கும். மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பழைய கறுப்பு சைக்கிளைப் புகழ்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அதன் கம்பி பிரேக் மழையில் கடவுளை நம்பித்தான் வேலை செய்தது. எனவே மற்றதில் தாத்தா சைக்கிள், ரிம்மில் மட்டும் புது சைக்கிள். இதுதான் சரியான கலவை.

அடுத்து, பின்சக்கரத்தின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஃபிரேமில் சின்ன ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். மட்கார்டும் கேரியரும் அங்கேதான் மாட்டப்படும். ஓட்டை இல்லாத வண்டியில் கிளிப் போட்டு மாட்டினால் ரெண்டாவது பள்ளத்தில் கழன்று ஆடும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மட்கார்டு போக இடம் இருக்க வேண்டும்.

டயர் அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. 26 x 1.75 என்று புள்ளி வைத்து எழுதியதும், 26 x 1 3/8 என்று பின்னமாக எழுதியதும் ஒன்றல்ல. ரெண்டுமே "26 இஞ்ச்" என்று சொல்லப்பட்டாலும் முதல் ரிம்முக்கு 559 மில்லிமீட்டர் டயர், ரெண்டாவதற்கு 590. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறவே ஏறாது. அந்த மூன்றிலக்க எண் டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து வாங்கினால் ஒரு நடை மிச்சம்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 8,000 ரூபாய் உள்ள வண்டிக்கு 960 ரூபாயாக இருந்த வரி 400 ஆனது. மிச்சம் 560. அந்தப் பணத்தை அடுத்த மாடலுக்குத் தாவப் பயன்படுத்தாமல் பிரேக் கட்டைக்கும் லைட்டுக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

எதை முதலில் மாற்றுவது?

முதல் அப்கிரேடுக்குச் செலவே இல்லை. சீட்டை உயர்த்துங்கள்! பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். "தரையில் கால் முழுசாக ஊன்ற வேண்டும்" என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்பவர்கள்தான் அதிகம். சீட் கம்பியில் உள்ள கோட்டைத் தாண்டி மட்டும் வெளியே இழுக்கக் கூடாது.

ரெண்டாவது பிரேக். நல்ல கட்டை, புது கேபிள். மொத்த வண்டியிலும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் தருவது வேறு எதுவும் இல்லை. மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே லேசாகப் பிடித்து ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிட்டால் பிறகு நன்றாகப் பிடிக்கும்.

மூன்றாவது மட்கார்டு, முழு நீளத்துக்கு. முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் பட்டையும் வேண்டும். அது சட்டைக்காக மட்டும் இல்லை. முன்சக்கரம் அள்ளி வீசும் மணல் நேராகச் செயினிலும் பெடல் ஆக்சிலிலும்தான் போய் விழுகிறது.

நாலாவது டயர். மழைக்கு முள்ளு முள்ளாக உள்ள டயர்தான் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. சேற்றிலும் மண்ணிலும் அது சரி. தார் ரோட்டில் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த ஷெல்டன் பிரவுன் (1944-2008) இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். கார் டயர் போல சைக்கிள் டயர் தண்ணீர் மேல் மிதந்து வழுக்குவதில்லை. அது குறுகலானது, வேகமும் குறைவு, காற்றழுத்தமும் அதிகம். வழவழப்பான டயர்தான் ரோட்டில் அதிகம் ஒட்டும். நிஜமாக வழுக்குபவை வெள்ளைக் கோடுகளும், சாக்கடை மூடிகளும், ரயில்வே கேட் தண்டவாளமும். அவற்றின் மேல் திரும்பாமல், பிரேக் போடாமல், நேராகக் கடக்க வேண்டும்.

ஐந்தாவது லைட். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. மழை நாளில் அஞ்சு மணிக்கே இருட்டிவிடும். வைப்பர் ஆடும் கண்ணாடி வழியாக லாரி டிரைவருக்கு சைக்கிள்காரர் தெரிவது அந்த ஒரு சிவப்புப் புள்ளியாக மட்டும்தான்.

மேம்பாலம் ஏற மூச்சு வாங்குகிறதா? அப்போதும் கியர் தேவையில்லை. சாதா சைக்கிளில் வழக்கமாக முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல். 28 இஞ்ச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். பின்னாடி 20 பல் மாற்றிவிட்டால் 4.9 மீட்டர். வேகம் கொஞ்சம் குறையும், மிதி லேசாகிவிடும். ஒரு பல்சக்கரம் விலையில் முடிகிற காரியம்.

கடைசியாகச் செயின். எண்ணெயை ஊற்றுவதை விட துடைப்பது முக்கியம். மழையில் நனைந்து வந்தால் பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே மிஞ்சியதை மறுபடி துடைத்துவிட வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலைத் தாராளமாக ஊற்றினால் மணல் ஒட்டிச் செயினை அரம் போல அறுக்கும். புது செயினில் 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்கும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 12 1/16 வந்தால் செயினை மாற்றும் நேரம். 12 1/8 வரை விட்டால் செயினோடு பல்சக்கரமும் போகும். சின்னச் செலவைத் தள்ளிப் போட்டால் அது பெரிய செலவாக வரும் என்பதற்கு இதை விட எளிய உதாரணம் இல்லை.

எதிர்க் கேள்விகள்

"பஸ் இருக்கும்போது சைக்கிள் எதற்கு?" நியாயமான கேள்வி. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் டிக்கெட் இல்லை. மாணவர்களுக்குப் பாஸ் உண்டு. காசை மட்டும் பார்த்தால் சைக்கிள் அதை ஜெயிக்க முடியாது. ஆனால் பஸ் ஸ்டாப் வரை நடை, காத்திருப்பு, இறங்கிய பின் மறுபடி நடை என்று போகும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. காலேஜ் முடிந்து டியூஷன் எடுக்கவோ, கடையில் கணக்கு எழுதவோ போகிறவருக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் சம்பளமே.

"ரோட்டில் பயமாக இருக்கிறதே?" இதுவும் பொய்யில்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதை உள்ள ரோடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மெயின் ரோட்டைத் தவிர்த்து உள் தெருக்களில் போகும் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி.

"தெருவில் முட்டி வரை தண்ணீர் நின்றால்?" ஓட்டவே கூடாது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத பள்ளம் இருக்கலாம், மின்கம்பி இருக்கலாம். எல்லாக் காலத்துக்குமான சைக்கிள் என்றால் எல்லா நாளும் ஓட்டியே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. மழை விட்ட மறுநாள் அது கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஆயுத பூஜை வருவதே வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால்தான். அன்றைக்கு எல்லோரும் சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் மாலை போடுவார்கள். மாலையோடு இந்த முறை ஒரு ஜோடி பிரேக் கட்டையும் போடுங்கள். மழை முடிந்து பொங்கல் லீவு வந்ததும் தெருமுனைக் கடை அண்ணனிடம் கொடுத்து பால்ரஸ் எல்லாம் கழுவி, புது கிரீஸ் வைத்து ஒரு ஓவராயில். வருஷத்துக்கு இந்த ரெண்டு நாள் போதும்.

அப்புறம் நவம்பர் கடைசியில் அதே ஸ்டாண்டில், சுற்றிலும் காற்று இறங்கிய ஷாக் சைக்கிள்களுக்கு நடுவே, மட்கார்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தச் சாதா வண்டி வந்து நிற்கும். அதுவும் முதல் பெல்லுக்கு முன்னால்!